பரிசோதனை நுட்பங்களுக்குப் பெயர்: வெறும் பட்டியலா, ஸ்காஸா, ஆன்டாலஜியா?

ஒரு தரவுத்தொகுப்பில் 'சாக்ஸ்' என்று இருக்கும், இன்னொன்றில் 'சிறுகோண எக்ஸ்-கதிர்ச் சிதறல்' என்று முழுசாக எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது தேடுகிற கணினிக்குத் தெரியாது.

ஆளாளுக்குத் தோன்றியதைக் குறிச்சொல்லாகப் போடும் முறை ஒரே ஆய்வகத்துக்குள் ஓடும், வெளியே வந்தால் குழப்பம்தான்.

அடுத்தது ஸ்காஸ். சொற்பட்டியல்களைக் கணினி படிக்கும்படி எழுத, இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி 2009-இல் பரிந்துரைத்த தரநிலை. முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர், இதைவிடப் பரந்தது எது, குறுகியது எது என்று எழுதி வைக்கலாம். மேலே சொன்ன சாக்ஸ் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும், பாதிப் பேருக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. ஆனால் ஒரு நுட்பம் ஏன் அந்தக் கிளையின் கீழ் வருகிறது என்பதைக் கணினி கண்டுபிடிக்க வழியில்லை. எக்ஸ்-கதிர் உட்கவர் நிறமாலையியலை எக்ஸ்-கதிரின் கீழும் நிறமாலையியலின் கீழும் மனிதர்தான் கையால் வைக்க வேண்டும், ஒன்றை மறந்தால் அந்த வழியாகத் தேடுபவருக்கு அது கிடைக்காது.

மூன்றாவது ஆன்டாலஜி, அதாவது கருத்துகளையும் அவற்றின் தொடர்புகளையும் கணினிக்காக முறைப்படி வரையறுப்பது. அதை எழுதும் மொழி ஓடபிள்யூஎல். இங்கே இடத்தைச் சொல்வதில்லை, வரையறையைச் சொல்கிறோம். சாக்ஸ் என்றால், ஆய்கதிர் (மாதிரியை ஆராயச் செலுத்தும் கதிர்) எக்ஸ்-கதிர், நிகழ்வு சிறுகோணச் சிதறல். எந்தெந்தக் கிளைகளில் வரும் என்பதை, வரையறைகளிலிருந்து முடிவுகளை வருவிக்கும் மென்பொருளான ரீசனர் கணித்துக்கொள்ளும். ஃபோட்டான், நியூட்ரான் ஆய்வு மையங்களுக்கான பாநெட் என்ற ஆன்டாலஜி இந்த வழிதான். ஆய்கதிர், இயற்பியல் நிகழ்வு, எதைப் பொறுத்து அளக்கிறோம், நோக்கம் என நான்கு கோணங்களில் நுட்பங்களை வகுக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் நோவும் இங்கேதான். சேன்ஸ், எக்ஸாஃப்ஸ் என்ற நுட்பங்கள் இரண்டுமே எக்ஸ்-கதிர் உட்கவர்தல். ஒன்று உட்கவர் விளிம்பை (உட்கவர்தல் திடீரென உயரும் ஆற்றலை) ஒட்டிய பகுதி, மற்றது அதைத் தாண்டியது. கோட்டை எங்கே போடுவது? அப்புறம், ஆய்கதிர் எது என்று எழுத மறந்தால் ரீசனர் பிழை சொல்லாது, 'இன்னும் சொல்லவில்லை போல' என்று விட்டுவிடும், அதைப் பிடிக்க, தரவு விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் ஷேக்கில் மாதிரி தனிச் சோதனை வேண்டும்.

உயிர்மருத்துவ ஆய்வுகளுக்கான ஓபிஐ என்ற ஆன்டாலஜி இன்னும் ஆழம், மாதிரி, கருவி, விளைவு என ஆய்வு முழுவதையும் விவரிக்கிறது. அந்தத் துறைக்குச் சரி, தேடல் வடிகட்டிக்கு மட்டும் என்றால் அதிகம்.

என் தேர்வு: ஆய்கதிர், நிகழ்வு இரண்டுக்கும் முறையான வரையறை, நோக்கத்துக்கு வெறும் குறிச்சொல், ஒவ்வொரு நுட்பத்துக்கும் பெயர் மாறினாலும் மாறாத ஓர் அடையாள எண்.