சந்தனமா, பழுப்பா? மலைவீட்டு வெளிச்சுவருக்கு நான்கு வழிகள்

மலைவீட்டின் வெளிச்சுவரில் மூன்று கறைகள் வரும். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரம்வரை மழை தெறிக்கவிடும் செம்மண். சன்ஷேடுக்குக் கீழேயும் கைப்பிடிச் சுவரின் வெளிமுகத்திலும் கோடு கோடாக இறங்கும் கறுப்புப் பாசி. பூச்சுக்குள் ஓதம் ஏறிய இடங்களில் வெள்ளையாகப் பூக்கும் உப்பு. ஊட்டியோ கோத்தகிரியோ கொடைக்கானலோ, இந்த மூன்றுக்கும் தப்பிய வீடு அரிது.

சந்தனம், பிஸ்கட், கிரீம் போன்ற வெளிர் நிறங்கள் உப்பை மறைத்துவிடும்; செம்மண்ணையும் பாசியையும் காட்டிக்கொடுக்கும். காபி, சாக்லேட் பழுப்புகள் நேர் எதிர். செம்மண் தெரியாது, பாசி பாதிதான் தெரியும், உப்பு மட்டும் சுண்ணாம்பு தெளித்ததுபோல் தெருவிலிருந்தே தெரியும். அதனால் கேட்லாக்கைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு பழைய சுவரைச் சுற்றி நடந்து, எந்த இடத்தில் எந்தக் கறை என்று பார்த்துவிடுங்கள். புது வீடு என்றால் பக்கத்து வீட்டுச் சுவரே போதும்.

இந்த நிறக் குடும்பத்துக்கு மலையில் ஒரு பலம் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் ஆறேழு வருடம் தாங்கும் நீலமும் ரோஸும் இங்கே சீக்கிரம் வெளுப்பது அதனால்தான். சந்தனமும் பழுப்பும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு நிறமிகளால் ஆனவை, வெயிலுக்கு அசையாதவை. மெரூன் சாயல் தெரியும் பழுப்பில்தான் கவனம் வேண்டும். அந்தச் சாயலுக்காக ஆர்கானிக் சிவப்பை (கார்பன் சேர்மத்தால் ஆன சிவப்பு நிறமி) சேர்த்திருந்தால், சிவப்பு முதலில் போய் மீதி அழுக்குச் சாம்பலாக நிற்கும். கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷின் அச்சடிக்கும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கலரன்ட் எவ்வளவு சேர்ந்தது என்று அதில் இருக்கும்; எது ஆக்சைடு, எது ஆர்கானிக் என்று மெஷின் போடுபவரிடமே கேட்கலாம்.

எமல்ஷன்: மேலே சந்தனம், அடியில் பழுப்பு

நான்கு வழிகளில் செலவு குறைந்தது, திரும்பச் செய்ய எளிதானது. அடியிலிருந்து இரண்டடிக்கு அடர் பழுப்பு, அதற்கு மேல் சந்தனம், ஜன்னல் சட்டத்துக்கும் கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்புக்கும் மறுபடி பழுப்பு. சன்ஷேடின் நெற்றியையும் பழுப்பில் விட்டால் பாசி இறங்கத் தொடங்கும் இடம் கண்ணில் படாது.

சந்தனத்தில் சாம்பல் சாயல் வேண்டாம். பனிமூட்டத்தின் நீல வெளிச்சத்தில் அது சிமெண்ட் பூச்சுபோல் தோன்றும். ஜூன் முதல் டிசம்பர்வரை பாதி நாள் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கும். மஞ்சள் சாயல் உள்ள சந்தனம் மூடுபனியிலும் உயிரோடு நிற்கும். மூன்றடிக்கு மூன்றடி மாதிரி ஒன்றை வடக்குச் சுவரிலும் இன்னொன்றைத் தெற்குச் சுவரிலும் அடித்து, காலையிலும் மாலையிலும் சுவர் நனைந்திருக்கும்போதும் பாருங்கள்.

அடர் பழுப்புக்கு என்று ஒரு தனித் தொல்லை உண்டு. வெளிர் நிறத்துக்கு ஆகும் கலரன்டைப் போலப் பல மடங்கு அதற்குத் தேவை. கலரன்டில் உள்ள சோப்புத்தன்மையான பொருள், பெயிண்ட் முழுதாக இறுகும்முன் பனித்துளி பட்டால் வெளியே கசியும். அடித்த இரண்டு, மூன்று நாளில் ஜன்னலுக்கு அடியில் தேன் வடிந்த மாதிரிப் பிசுபிசுப்பான கோடுகள் இறங்குவது இதனால்தான். பெயிண்ட் மட்டம் என்று பெயிண்டரோடு சண்டை போடுவார்கள். அவரும் மேலே இன்னொரு கோட் அடித்து அந்தப் பிசுபிசுப்பை உள்ளேயே பூட்டிவிடுவார். அது தவறு. ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். வராமல் தடுக்க ஒரே வழி, பழுப்பு அடிக்கும் வேலையைப் பகல் பதினொரு மணிக்குள் முடித்து, பனி இறங்கும்முன் நல்ல வெயில் வாங்க விடுவது.

பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே பூசும் அதே வெள்ளைச் சிமெண்ட் பட்டியை வெளியேயும் இழுத்து வழவழப்பாக்கித் தருகிறோம் என்பார்கள். மழை முகச் சுவரில் அது ஈரத்தைக் குடித்து, இரண்டாம் வருடம் தகடு தகடாக உரியும். பஞ்சு போட்ட பூச்சின் மேல் நேரே பிரைமர் போதும். சிறு கீறலை மட்டும் வெளிப்புறக் கிராக் ஃபில்லரால் அடைக்கலாம்.

பழுப்பு டெக்ஸ்சர்

புகைப்படத்தில் நான்கிலும் அழகானது, கோடு கோடாகச் சொரசொரப்பாக இழுக்கும் இந்தப் பூச்சுதான். சுமாரான பூச்சு வேலையின் மேடு பள்ளத்தையும் மறைத்துவிடும், அதனால் கொத்தனாருக்கும் பிடிக்கும். சதுர மீட்டருக்குச் சுமார் 2 கிலோ பிடிக்கும். மேலே இரண்டு கோட் எமல்ஷன் கட்டாயம். சொரசொரப்பு காரணமாக அந்த எமல்ஷன் சமச்சுவரைவிட ஒன்றரை மடங்கு போகும். இந்தக் கணக்கை விலைப்பட்டியலில் யாரும் சொல்வதில்லை.

குறை, பள்ளங்களில். கோடு குறுக்காக ஓடினால் ஒவ்வொரு கோடும் ஒரு சின்னத் திண்ணை. தூசி தங்கும், ஈரம் தங்கும், பாசி வேர்விடும். சமச்சுவரில் தேய்த்தால் போகும் பாசி இங்கே பிரஷ் நுழையாத இடத்தில் உட்காரும். டெக்ஸ்சர்தான் வேண்டும் என்றால் கோட்டை நெட்டுக்குத்தாக இழுக்கச் சொல்லுங்கள், தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். வடக்குச் சுவருக்கு வேண்டவே வேண்டாம். நம் அட்சரேகை 10, 11 டிகிரி. சூரியன் வடக்கே சாய்ந்து அந்தச் சுவரைத் தொடும் காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. அதில் பாதி மேகத்திலும் மழையிலும் போய்விடும். தெளிந்த வெயில் அடிக்கும் ஜனவரியில் அது முழு நிழலில் கிடக்கும்.

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காட்டெருமை வந்து மூலையில் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போனால், சமச்சுவரில் அழுக்குத்தான் ஒட்டும். டெக்ஸ்சர் மூலை பெயர்ந்தே வரும். பெயர்ந்த இடத்தில் ஒட்டுப்போட்டால் அந்தத் திட்டு தனியாகத் தெரியும், முழுச் சுவரையும் திரும்பச் செய்யாமல் தீராது.

கல் கிளாடிங்

செம்மண் தெறிக்கும் இரண்டடிக்கு, சுவரின் மேல் கல் ஒட்டும் இந்த வழிக்கு ஈடு கிடையாது. முழுச் சுவருக்கும் போடுவது பணத்துக்குக் கேடு. பெயிண்ட் செலவைப்போல ஆறேழு மடங்கு ஆகும், மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ லாரி ஏற்றும் கூலி தனி.

எந்தக் கல் என்பதில்தான் பலரும் சறுக்குவது. கடையில் முதலில் காட்டுவது ராஜஸ்தான் மணற்கல்: சந்தன நிறத் தோல்பூர், மரக்கோடு ஓடும் டீக்வுட். இரண்டும் அழகு, இரண்டும் தண்ணீர் குடிக்கும். சமவெளியில் குடித்த தண்ணீர் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். ஊட்டியில் ஜூலை மாதம் வாரக்கணக்கில் காயாது, கல்லே பச்சையாகிவிடும். மலைக்குக் கிரானைட், குவார்ட்ஸைட் போன்ற இறுகிய கல்தான் ஏற்றது. தெலங்கானாவின் டான் பிரவுன் கிரானைட்டைப் பாலிஷ் இல்லாமல் சொரசொரப்பு முகத்தோடு துண்டுகளாக வாங்கினால் பழுப்பு அடிக்கட்டுக்குக் கச்சிதம். நம் மலையின் சொந்தக் கல்லான சார்னோகைட் நீலச் சாம்பல். பழைய ஊட்டி, கொடை பங்களாக்களின் கல்சுவர்களில் பார்க்கலாம். சந்தன எமல்ஷனுக்குக் கீழே அதுவும் நன்றாகவே சேரும். பழைய கட்டடம் இடிக்கும் இடத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒட்டும் முறை: அடிப்பூச்சு வழவழப்பாக இருக்கக் கூடாது, கரண்டியால் கீறிவிட்டிருக்க வேண்டும். வெறும் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினால் பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் கல்லும் சுவரும் வேறுவேறாக அசைந்து, தட்டினால் டொக்கென்று பொள்ளல் சத்தம் கேட்கும். பாலிமர் கலந்த டைல் அட்ஹெசிவ் வாங்கி, சுவரில் பல்கரண்டியால் இழுத்து, கல்லின் முதுகிலும் ஒரு பூச்சு கொடுத்து அழுத்த வேண்டும். பத்தடிக்கு மேல் கல் ஏற்றுவதாக இருந்தால் அட்ஹெசிவை மட்டும் நம்பாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்பும் போடுங்கள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு மேல்விளிம்பைத் திறந்து விட்டுவிடுவார்கள். கல் வரிசை முடியும் இடத்தில் சுவரை ஒட்டிக் கல்லின் கனத்துக்கு ஒரு படி நிற்கும். மேலிருந்து வழியும் மழை அந்தப் படியில் தேங்கிக் கல்லுக்குப் பின்னால் இறங்கும். உப்பு பூப்பதும் ஒட்டு விடுவதும் அங்கிருந்துதான் ஆரம்பம். வெளிப்பக்கம் சரிவாகக் கலவை வைத்து, சுவரோடு சேரும் கோட்டை சீலன்ட்டால் அடைத்துவிட வேண்டும். முகத்துக்குப் பளபளக்கும் லேக்கர் அடிக்காதீர்கள். உள்ளே மாட்டிய ஈரம் அதைப் பால்வெள்ளையாக்கிவிடும். கல்லுக்குள் ஊறிப்போகும் சிலேன்–சிலாக்சேன் வகை சீலர் போதும். அது தண்ணீரைத் தள்ளும், ஆவியை வெளியே விடும்.

மரமும் மரம் போன்றதும்

உண்மை மரத்தை மழை முகத்தில் வைக்காதீர்கள். ஆழமான வராந்தாவின் உள்சுவர், வாசல் நெற்றி, இவ்வளவோடு நிறுத்தினால் வருடம் ஒருமுறை எண்ணெய் பூசிக் காப்பாற்றலாம். மரம் போன்ற கோடுள்ள ஃபைபர் சிமெண்ட் பலகை பரவாயில்லை. சதுர அடிக்கு ஒரு கிலோதான் கனம், கல்லில் ஐந்தில் ஒரு பங்கு. பின்னால் முக்கால் அங்குலமாவது காற்று இடைவெளி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு, தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்கல், அறுத்த விளிம்புக்கெல்லாம் பிரைமர். கடைசியாகச் சொன்னதை விட்டால் விளிம்பு ஈரம் குடித்து உப்பிக்கொள்ளும். WPC என்று விற்கும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையை வெளியே போட வேண்டாம்; வெளுக்கும், வெயிலில் நீண்டு வளையும். குரங்கு நடமாடும் தெருவில் எந்தப் பலகையாக இருந்தாலும் மழைநீர்க் குழாயை அதன் மேல் மாட்டாதீர்கள்; குரங்கு குழாயைப் பிடித்து ஏறினால் பலகைக்குத்தான் சேதம்.

எந்தச் சுவருக்கு எது

கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் ராஜா. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அங்கே மேற்கு, தென்மேற்குச் சுவர்கள் அடி வாங்கும். அவற்றுக்குச் சம எமல்ஷனும் அடியில் கல்லும் மட்டுமே. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்கிலிருந்து வரும். அதே விதியைக் கிழக்கு, வடக்குச் சுவர்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கொடைக்கானலுக்கும் கனமழை அக்டோபர், நவம்பரில்தான். டெக்ஸ்சர் ஆசை இருந்தால் எந்த ஊரிலும் தெற்குச் சுவரில், அதுவும் அகலமான சன்ஷேடுக்கு அடியில் தீர்த்துக்கொள்ளலாம். சன்ஷேடின் அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே ஒரு பள்ளக்கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லையென்றால் சுவருக்கு ஓடிவரும். எந்த நிறமும் அதை மறைக்காது.

வேலைக்கு நல்ல காலம் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல்வரை. எமல்ஷன் படலமாகச் சேர 10 டிகிரியாவது வேண்டும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரியில் மாலை நான்கு மணிக்கு அடித்த கோட், இரவில் சேராமலே காய்ந்து, அடுத்த வருடம் கையில் மாவாக வரும். காலையில் சுவர் ஈரம் போகும்வரை பொறுத்து, மூன்று மணிக்கு (அடர் பழுப்பு என்றால் பதினொன்றுக்கே) பிரஷ்ஷைக் கழுவிவிட வேண்டும். டப்பாவில் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு இரவு விடுங்கள். புதுப் பூச்சுக்கு 28 நாள் என்பது சமவெளிக் கணக்கு. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி நின்றால் இன்னும் காயவில்லை. பழைய சுவரில் பாசி இருந்தால் ஒரு பங்கு ஹைப்போகுளோரைட்டுக்கு (ப்ளீச் திரவம்) மூன்று பங்கு தண்ணீர் கலந்து அடித்து, 20 நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். அப்படியே மேலே அடித்தால் புதுப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு அதே பாசி வரும்.

அளவுக்கு ஒரு கணக்கு. 30க்கு 40 அடி, ஒற்றை மாடி, சுவர் உயரம் 11 அடி. சுற்றளவு 140 அடி. கதவு, ஜன்னல் போக வெளிச்சுவர் சுமார் 1,350 சதுர அடி. அடி இரண்டடிக்குக் கல் என்றால் 270 சதுர அடி, சேதாரம் சேர்த்து 300 வாங்க வேண்டும். 20 மில்லிமீட்டர் கிரானைட் சுமார் ஒன்றரை டன் வரும். அட்ஹெசிவ் 20 கிலோ மூட்டை 11 அல்லது 12. மீதி 1,080 சதுர அடிக்குப் பிரைமர் 11 லிட்டர்; சந்தன எமல்ஷன், லிட்டருக்கு இரண்டு கோட் 50 சதுர அடி வீதம், 22 லிட்டர். ஒரு 20 லிட்டர் பக்கெட்டும் ஒரு 4 லிட்டர் டப்பாவும் வாங்கி, இரண்டையும் ஒரே டிரம்மில் கலந்த பிறகே தொடங்குங்கள். தனித்தனியாகக் கலக்கிய இரண்டு டப்பாவில் சந்தனம் ஒரே சந்தனமாக வராது, சுவரின் நடுவில் கோடு விழும்.

கல்லுக்குப் பணம் போதவில்லையா? வீட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு நான்கு அங்குலம் மண்ணை எடுத்துவிட்டு முக்கால் அங்குல ஜல்லி கொட்டுங்கள். தெறிக்கும் செம்மண்ணே பெருமளவு நின்றுவிடும், அடிக்கட்டுக்குப் பழுப்பு எமல்ஷனே போதும். ஜல்லி கொட்டும்போது அதன் மேல்மட்டம் பேஸ்மட்டத்துக்கு (வீட்டின் உள்தரை மட்டம்) ஆறு அங்குலமாவது கீழே நிற்கட்டும்.