பன்னிரண்டு வருடமாக ஒரு செப்புக்குடம்

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் எடை போட்டு வாங்கிய குடம். எட்டு லிட்டர் பிடிக்கும், எடை இரண்டே கால் கிலோ. பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் குடிதண்ணீர் இதில்தான். இரவு ஊற்றி வைத்துக் காலையில் குடிப்போம். செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்துபோவதாக 2012-ல் பெங்களூர் ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் காய்ச்சித்தான் ஊற்றுகிறோம்.

வேலை என்றால் துலக்குவதுதான். வாரம் ஒருமுறை புளியும் கல்லுப்பும். நனைத்த புளியைத் தடவியதும் அந்த இடத்தில் மட்டும் கறுப்பு விலகி, குழந்தையின் உள்ளங்கை மாதிரி இளஞ்சிவப்பு தெரியும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

ஒருமுறை மழைக்காலத்தில் ஒரு மாதம் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கழுத்து மடிப்பில் பச்சைக் களிம்பு. செம்பு எடுக்கும் மாலகைட் என்ற பச்சைக் கல்லும் பெரும்பாலும் இதே பொருள்தான் என்று அப்புறம்தான் படித்தேன். அந்தக் கல்லை மரக்கரியோடு போட்டுத் துருத்தியால் ஊதினால், கரியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடு கல்லிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். 1085 டிகிரியில் செம்பு உருகிவிடும். செர்பியாவின் பெலோவோடெயில் சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்திருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுப் பிரித்த உலோகம், ஈரம் பட்டால் மெல்லத் திரும்பக் கல்லாகப் பார்க்கிறது. உயிரோடு ஒட்டியே இருக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைச் சைவ சித்தாந்திகள் உவமை சொன்னது எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆனால் அந்தப் படலமே செம்பைக் காக்கவும் செய்கிறது. இரும்புத் துரு மாதிரி உதிர்ந்துகொண்டே போகாது. ஓலையைச் செல் அரிக்கும், செப்பேடு கிடக்கும். ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானம் கொடுத்ததைப் பொறித்த சோழர் செப்பேடு 21 இதழ்களோடு ஆயிரம் வருடம் தாண்டி நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஒரு தப்பு செய்தேன். செப்பு பாட்டிலில் எலுமிச்சைச் சாறு ஊற்றி வெளியூர் கொண்டுபோனேன். மதியம் குடித்ததும் நாக்கெல்லாம் காசைச் சப்பிய ருசி; ஒரே குமட்டல். களிம்பைக் கரைக்கிற புளிப்பு செம்பையும் கரைக்கும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மோர், ரசம், பழச்சாறு எதையும் வெறும் செம்பில் வைக்காதீர்கள்.

சமைக்கிற அண்டாவுக்கு அதனால்தான் ஈயம் பூசுகிறோம். போன வருடம் வாசலில் உட்கார்ந்து ஒருவர் பூசினார். துருத்தி அடுப்பில் அண்டாவைக் காய்ச்சி நவச்சாரம் என்ற உப்பைத் தூவ, குப்பென்று வெண்புகை. வெள்ளீயத்தைத் தேய்த்துப் பஞ்சால் இழுத்ததும் உள்ளே முழுக்க வெள்ளி பாய்ந்தது.

புதிதாக வாங்குகிறவர்கள் கை உள்ளே போகிற மாதிரி வாய் அகன்றதாகப் பாருங்கள். என் குடத்துக்குக் கழுத்து குறுகல். அடியைத் துலக்க இன்றுவரை புளித்தண்ணீரும் உப்பும் ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருக்கிறேன்.