பெசன்ட் நகர் முதல் கோவளம் வரை: முதல் நாள் நடைக்கு எந்தச் செருப்பு?

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து கிளம்புகிறவர்கள் பை, டார்ச், காவி உடை எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். செருப்பை மட்டும் கிளம்புகிற வாரத்தில் வாங்குகிறார்கள். 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியில் கால் கெட்டுப்போவது பெரும்பாலும் கோவளம் வரையிலான முதல் 30 கிலோமீட்டரில்தான். அந்த ஒரு நாளை மனதில் வைத்து, சென்னைக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மூன்று வகைகளை எடைபோடலாம்.

முதலில் ஹவாய் செருப்பு. விலை குறைவு, நனைந்தால் சீக்கிரம் காயும். ஆனால் குதிகாலைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் மடங்கிச் செருப்பைக் கவ்வ வேண்டும். தெருமுனைக் கடைக்குப் போய்வருகையில் அது தெரியாது. நீலாங்கரை தாண்டியதும் கெண்டைக்கால் இறுகும், பெருவிரல் இடுக்கில் தோல் உரியும். வார் பிடுங்கிக்கொண்டால் அடியில் ஊக்கு குத்தி ஓட்டுவது அரைநாள் வைத்தியம். ராத்திரி தங்குகிற இடத்தில் போட்டுக்கொள்ள மட்டும் இது சரி.

வெல்க்ரோ சாண்டலில் காற்றோட்டம் உண்டு. கால் வீங்கினால் வாரைத் தளர்த்தலாம். சிக்கல் ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மணலில் இருக்கிறது. வாருக்கும் தோலுக்கும் நடுவே புகுந்து, வியர்வையோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மெல்லிய சாக்ஸ் போட்டு மாட்டினால் தேய்ப்பு குறையும், பார்க்க நன்றாக இருக்காது என்பது வேறு விஷயம். வாங்கும்போது வாரின் உள்பக்கத் தையல் உறுத்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எங்கள் ஓட்டு சாதாரண ரன்னிங் ஷூவுக்கு. ஆனால் அளவு சரியாக அமைய வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், நடையில் போடப்போகும் அதே சாக்ஸோடு போய் வாங்குங்கள். நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்கு நீளமானது இரண்டாம் விரல். இடம் இல்லையென்றால் நகம் முன்னே மோதி மோதிக் கறுத்துவிடும். அரை சைஸோ ஒரு சைஸோ பெரிதாக எடுத்ததால் குதிகால் தூக்குகிறதா? மேலே சும்மா கிடக்கும் கடைசி ஓட்டையில் லேஸை அதே பக்கமாக விட்டு வளையமாக்கி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்குங்கள்.

தள்ளுபடியில் கிடைக்கும் பழைய ஸ்டாக்கில் ஜாக்கிரதை. பாலியூரிதேன் அடிப்பாகம் போடாமல் வைத்திருந்தாலும் சென்னை ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே சிதையும். பாதி வழியில் கேக் துண்டாக உதிரும். கடையிலேயே வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். புது ஷூவை ஒரு மாதம் முன்னதாகவே வாங்கிப் பழக்க வேண்டும். அதில் ஒருநாளாவது பையையும் மாட்டிக்கொண்டு 15 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

சாக்ஸை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஊறிய தோல் சீக்கிரம் கொப்பளிக்கும். பாலியஸ்டர், நைலான் கலப்பில் இரண்டு ஜோடி எடுத்து, 10 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். எங்காவது சூடாகக் குறுகுறுத்தால் அங்கேயே உட்கார்ந்து காலைத் துடைத்து பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும். வாசலின் தடவிய இடத்தில் பிளாஸ்டர் நிற்காது, இரண்டில் ஒன்றுதான்.

ஷூவால் தீராத ஒன்றும் உண்டு. மழைநீர் வழிய ரோடு ஓரமாகச் சரிந்திருக்கும். நாள் முழுக்க ஒரே ஓரத்தில் நடந்தால் ஒரு கால் தாழ்ந்தே இருந்து, இடுப்பு ஒரு பக்கமாக வலிக்கும். எதிரே வண்டி வரும் வலப்பக்கமே பாதுகாப்பு என்பதால் ஓரம் மாறுவதைவிட, நடைபாதை கிடைக்கும் இடமெல்லாம் ஏறி நடப்பது நல்லது.

நேர்ச்சைக்காக வெறுங்காலோடு போகிறவர்களுக்கு வேறு கணக்கு: விடிவதற்கு முன்பே கிளம்பி, தார் சூடேறுவதற்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். இருட்டில் கண்ணாடிச் சில்லு தெரிய டார்ச்சைத் தரையில் அடித்தபடி நடங்கள். டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.