பந்தைவிட முதலில் எதிராளியைப் பார்: தவளக்குப்பத்துக் கால்பந்துப் பயிற்சி மையம் பற்றிய மதிப்புரை

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், தவளக்குப்பத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் வரும் செம்மண் திடலில், எட்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று மாலைகள் கால்பந்துப் பயிற்சி அளிக்கிறார்கள். இடங்கள் நிரம்பிவிட்டதால் பெயரை எழுத வேண்டாம் என்று மையத்தை நடத்துபவர் கேட்டுக்கொண்டார். திடலைக் கேட்டால் அந்தப் பகுதியில் எவரும் வழி காட்டுவார்கள். என் மகளும், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் என் அண்ணன் மகனும் கடந்த ஜூன் முதல் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். மாதக் கட்டணம் 1,200 ரூபாய். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது என்ன என்பதைப் பிள்ளைகளைச் சேர்க்க எண்ணும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

இந்த மையத்தின் பயிற்சி முறை ஏறத்தாழ முழுவதும் ஜப்பானிய இடது விங்கர் (திடலின் இடது ஓரத்தில் ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர்) கவோரு மிதோமாவின் வாழ்க்கையை முன்மாதிரியாகக் கொண்டது. மெஸ்ஸியும் ரொனால்டோவும் சுவரெங்கும் நிற்கும் ஊரில் இது வியப்பான தேர்வு. ஆனால் ஆழ்ந்து யோசித்துச் செய்த தேர்வு. மெஸ்ஸியின் ஆட்டத்தைப் பார்க்கும் பிள்ளை, இதெல்லாம் பிறவியிலேயே வாய்க்க வேண்டும் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். மிதோமாவின் ஆட்டமோ ஆராய்ந்து, குறிப்பெடுத்து, பழகி வந்தது. ஆகவே அதைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க முடியும்.

1997 மே 20 அன்று பிறந்த மிதோமா, தோக்கியோவை ஒட்டிய காவாசாகி நகரில் வளர்ந்தவர். அங்கே சகினுமா என்னும் குடியிருப்புப் பகுதியின் சிறுவர் அணியில் ஆடத் தொடங்கி, தொடக்கப் பள்ளி வயதிலேயே காவாசாகி ஃப்ரன்டாலே கழகத்தின் இளையோர் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். பின்னாளில் ஜப்பான் அணியில் அவருடன் ஆடிய ஆவோ தனாகாவும் அதே சகினுமாவில் பந்து பழகியவர்தான். பதினெட்டு வயதில் ஃப்ரன்டாலேயின் முதன்மை அணிக்கு வரும் வாய்ப்பு மிதோமாவைத் தேடி வந்தபோது, தொழில்முறை ஆட்டத்தைத் தாங்கும் உடல் தனக்கு இன்னும் அமையவில்லை என்று கருதி அதை மறுத்துவிட்டு, சுகுபா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சென்றார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள் டிரிப்ளிங். அதாவது பந்தைக் காலோடு வைத்துக்கொண்டே எதிராளியைக் கடந்து செல்லும் கலை. சக ஆட்டக்காரர்களின் தலையில் சிறு கேமராக்களைப் பொருத்தி, பந்து வரும் நேரத்தில் அவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதைப் பதிவுசெய்து ஒப்பிட்டார். தேர்ந்த ஆட்டக்காரர்கள் காலடியில் கிடக்கும் பந்தைக் குனிந்து பார்ப்பதில்லை என்பதும், முன்னே நிற்பவரின் உடல் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனித்து அதன் எதிர்ப்பக்கம் பாய்வதே வெற்றிக்கு வழி என்பதும் அவர் கண்டடைந்தவை.

மையத்தின் முதல் இரண்டு மாதப் பயிற்சி இந்த ஒரே செய்தியின் மீது நிற்கிறது. பந்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு எதிரே ஒருவர் தடுப்பாட்டக்காரராக நிற்க, அவருக்குப் பின்னால் நிற்கும் பயிற்சியாளர் கைவிரல்களைக் காட்டிக்கொண்டே இருப்பார். எத்தனை விரல் என்பதை உரக்கச் சொல்லியபடியே பிள்ளை பந்தை நகர்த்த வேண்டும். தலையைக் குனிந்தால் எண் தெரியாது. தொடக்கத்தில் பந்து முன்னும் பின்னும் ஓடிவிடும், எண்ணும் தவறும்; பெற்றோருக்குப் பொறுமை போய்விடும். சில வாரங்கள் கழித்து விரல்களுக்குப் பதிலாக, தடுப்பவரின் எந்தக் காலில் எடை இருக்கிறது என்பதை 'இடது', 'வலது' என்று சொல்லச் சொல்கிறார்கள். பள்ளிகளிலும் கோடை முகாம்களிலும் கோன்களை வரிசையாக வைத்து அவற்றினூடே பந்தை வளைத்து ஓட்டும் பயிற்சியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கோன் அசையாது, அதன் எடை எந்தப் பக்கமும் சாயாது. அதைச் சுற்றி ஓடிப் பழகிய பிள்ளை, அசையும் மனிதர் முன்னே வந்ததும் திகைத்துவிடுகிறது. இந்த மையத்தில் கோன்கள் எல்லை குறிப்பதற்கு மட்டுமே பயன்படுகின்றன. மற்ற எல்லாக் குறைகளையும் மீறி இந்த மையத்தை நான் பரிந்துரைப்பதற்கு இந்த ஒன்றே போதிய காரணம்.

இதே கேமரா முறையை இங்கும் மாதம் ஒரு முறை செய்கிறார்கள். தலைப்பட்டையில் சிறு கேமராவைப் பொருத்தி ஆடவைத்து, பதிவைப் பிள்ளைகளுக்கே காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு அதில் கொண்டாட்டம்தான். ஆனால் ஒரே கேமராவை முப்பது பேர் பகிர்ந்துகொள்வதால் ஒருவருக்கு இரண்டு நிமிடப் பதிவுகூடத் தேறுவதில்லை. விரல் எண்ணும் பயிற்சி தரும் பலனில் பாதியும் இதில் இல்லை என்பதே என் கணிப்பு.

அடுத்தது, காத்திருத்தல் பற்றிய அவர்களின் பிடிவாதம். சேர்ந்த முதல் ஆண்டில் எந்தப் பிள்ளையையும் வெளிப்போட்டிகளுக்கு அனுப்புவதில்லை. 'மாஸ்டர், எங்க புள்ளைய எப்போ டோர்னமென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?' என்று பெற்றோர் கேட்காத மாலையே இல்லை. என் அண்ணன் மகன் வயதுக்குச் சற்று மெலிந்தவன். முன்பு அவன் ஆடிய ஒரு பள்ளி அணியில், உயரம் போதாது என்று ஓர் ஆண்டு முழுவதும் அவனை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதுதான் பயிற்சியாளர் மிதோமாவின் பதினெட்டாம் வயதுத் தீர்மானத்தைச் சொல்கிறார். உடல் தன் காலத்தில் வளரும், அதுவரை கண்ணையும் காலையும் வளர்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. நான் அதை முழுமனதாக ஏற்கிறேன்.

ஆனால் அந்தத் தீர்மானத்தைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும் விதத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 'பார்த்தீர்களா, அவரே முதலில் படித்து முடித்துவிட்டுத்தான் ஆட வந்தார்' என்று சேர்க்கையின்போது சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் பந்தைப் பரணில் ஏற்றிவிடும் நம் வீடுகளில் இது இனிக்கும் பேச்சு. உண்மை வேறு. மிதோமா படிப்பதற்காக ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஆடிக்கொண்டே அந்த ஆட்டத்தையே படித்தார். 2017 எம்பரர் கோப்பையில், ஜப்பானின் முதல்நிலைத் தொழில்முறை அணியான வெகால்டா செண்டாயைச் சுகுபா மாணவர்கள் வீழ்த்திய ஆட்டத்தில் அவர் இரண்டு கோல்கள் அடித்தார். மாணவர் அணிகளும் தொழில்முறை அணிகளும் ஒரே கோப்பைக்காக மோதும் ஏற்பாடு அந்நாட்டில் இருப்பதால்தான் அவருடைய நான்கு ஆண்டுக் காத்திருப்பு வீணாகவில்லை. நம் பகுதியில் பதினெட்டு வயதைத் தொட்டவருக்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபிக்கான புதுச்சேரி அணித் தேர்வு போன்ற சில வாசல்களே உள்ளன. அவற்றை எப்படி அணுகுவது என்று பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு மையம் எடுத்துச் சொல்ல வேண்டும், இதுவரை சொல்லவில்லை.

2020இல் ஃப்ரன்டாலேக்குத் திரும்பிய மிதோமா, முதல் பருவத்திலேயே லீகில் 13 கோல்கள் அடித்து ஆண்டின் சிறந்த பதினொருவரில் இடம்பிடித்தார். அணியும் வாகை சூடியது. 2021 புத்தாண்டு நாளில் நடந்த எம்பரர் கோப்பை இறுதியாட்டத்தில் கம்பா ஒசாகாவுக்கு எதிரான ஒரே கோலும் அவருடையது. அந்த ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரைட்டன் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. இங்கிலாந்தில் ஆடுவதற்கான பணி அனுமதி அப்போது கிடைக்காததால், ஓராண்டுக்கு பெல்ஜியத்தின் யூனியன் சான்-ஷிலுவாஸ் அணிக்கு அனுப்பப்பட்டார்.

அங்கிருந்து தொடங்கும் பகுதியைத்தான் மையம் மிக நன்றாகப் பயன்படுத்துகிறது. அந்த அக்டோபரில் செராங் அணிக்கு எதிராக யூனியன் பத்துப் பேராகக் குறைந்து இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தபோது, இடைவேளைக்குப் பின் மாற்று ஆட்டக்காரராக இறங்கி மூன்று கோல்கள் அடித்தார். ஆட்டம் 4-2 என்று திரும்பியது. 2022 மார்ச் 24 அன்று சிட்னியில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தகுதிச்சுற்று ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது களமிறங்கி இரண்டு கோல்கள் அடித்தார். ஜப்பான் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது அந்த வெற்றியால்தான். கத்தார் உலகக் கோப்பையின் நான்கு ஆட்டங்களிலும் அவர் மாற்று ஆட்டக்காரர்தான். ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்தில், எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டதாக எல்லோரும் எண்ணிய பந்தை அவர் காலை நீட்டி உள்ளே திருப்பிவிட, சகினுமாவின் தனாகா அதை வலைக்குள் தள்ளினார். பந்தின் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான விளிம்பு கோட்டுக்கு நேர்மேலே இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

இதைச் சொல்லி, வெளியே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மையம் ஒரு வேலை தருகிறது. உள்ளே இறங்கும் முன், எதிரணியின் தடுப்பாட்டக்காரர் எந்தக் காலில் பலவீனமானவர், எந்தப் பக்கம் திரும்பத் தாமதிக்கிறார் என்பதைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். முந்தைய அணியில் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த என் அண்ணன் மகன், இப்போது வெளியே இருக்கும் நேரத்தில் வாய் ஓயாமல் பேசுகிறான். உட்கார வைப்பது தண்டனை என்ற எண்ணம் அவனை விட்டுப் போய்விட்டது. பயிற்சியாளரிடம் இதற்காக நான் தனியாக நன்றி சொன்னேன்.

அதே உலகக் கோப்பையில் குரோயேஷியாவுக்கு எதிரான பெனால்டி சுற்றில் மிதோமாவின் உதையைக் கோல் கீப்பர் தடுத்ததையும் ஜப்பான் வெளியேறியதையும் பிள்ளைகளிடம் ஏனோ சொல்வதில்லை. சொல்ல வேண்டும். அதற்குப் பின் இரண்டே மாதத்துக்குள், 2023 ஜனவரி 29 அன்று, எஃப்.ஏ. கோப்பையில் லிவர்பூலுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் பிரைட்டனை வெல்லவைத்த கோலை அதே மனிதர் அடித்தார் என்பதன் கனம், முந்தைய தோல்வி தெரிந்த பிள்ளைக்குத்தான் புரியும்.

வசதிகளில் குறைகள் உள்ளன. திடலின் வடபக்கம் விளக்கு இல்லாததால் நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஆறு மணிக்கே பாதித் திடல் பயனற்றுப் போகிறது. வடகிழக்குப் பருவமழையில் செம்மண் சேறாகிவிடும் நாட்களில் வகுப்பு ரத்தாகிறது. அதற்கு மாற்று வகுப்பு தருவதில்லை, கட்டணத்தையும் கழிப்பதில்லை. அந்த நாட்களில் ஒரு கூரையின் கீழ் ஆட்டப் பதிவுகளைக் காட்டிப் பேசினாலே போதும், வீணாகாது. பெண் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள். அவர்களுக்கு உடை மாற்றத் தனி அறை இல்லை என்பதை நான் இருமுறை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ஓடுவதற்கும் தாங்குவதற்கும் தேவையான உடற்பயிற்சி பத்து நிமிட வார்ம்-அப்போடு முடிந்துவிடுகிறது. உடல் போதவில்லை என்று ஒப்பந்தத்தையே மறுத்தவரை முன்மாதிரியாக வைத்திருக்கும் இடத்தில் இது பெரிய குறை. குடிநீர் தாராளமாகக் கிடைக்கிறது. முதலுதவிப் பெட்டியை ஒழுங்காக வைத்திருக்கிறார்கள்.

எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளைத் தயங்காமல் சேர்க்கலாம். பதின்மூன்று வயதைத் தாண்டியவர், குறிப்பாக மாவட்ட அணித் தேர்வை மனத்தில் வைத்திருப்பவர், உடல்வலுப் பயிற்சிக்கு வேறு ஏற்பாடும் செய்துகொள்ள வேண்டியிருக்கும். சேர்க்கை ஜூனிலும் பொங்கலுக்குப் பிறகும் நடக்கிறது. உயர்ந்த ஸ்டட் வைத்த விலையுயர்ந்த பூட்ஸ் வாங்கிவிட வேண்டாம். அந்தக் கெட்டி மண்ணுக்குச் சிறு ரப்பர்க் குமிழ் வைத்த டர்ஃப் ஷூவே ஏற்றது.