டியூபா, ஓப்பனா: டீ-ஷர்ட் துணி எடுப்பவர்களுக்கு என் கணக்கு

போன வருஷம் ஆடி மாதம் ஊர் கபடி குழுவுக்கு 120 டீ-ஷர்ட் தைத்துக் கொடுத்தேன். நேவி ப்ளூ, முதுகில் நம்பர், நெஞ்சில் ஊர்ப் பெயர். மூன்று வாரம் கழித்து கேப்டன் தம்பி பட்டறைக்கு வந்தான். பையிலிருந்து ஒன்றை எடுத்து உதறி கட்டிங் டேபிள் மேல் போட்டான். “அண்ணா, இதைப் போட்டா கையைத் தூக்கவே கூச்சமா இருக்குதுங்ணா.”

டேப்பை வைத்துப் பார்த்தால், 28 அங்குல உயரம் 26-க்கு வந்திருந்தது. அதைவிடக் கொடுமை, இடுப்பில் நேராக இறங்க வேண்டிய சைடு தையல் ஒரு பக்கம் வயிற்றுக்கும் மறுபக்கம் முதுகுக்கும் நகர்ந்திருந்தது. தையலில் தப்பில்லை. துணி டியூப் கம்பாக்டிங்கில், அதாவது கிழிக்காமல் குழாயாகவே வைத்து முன்கூட்டிச் சுருக்கி வந்தது. அந்த லாட்டுக்கு அப்புறம் நான் டீ-ஷர்ட் துணியை ஓப்பனில்தான் போடுகிறேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன்.

திருப்பூர்ப் பக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பனியன் துணி வட்ட மெஷினில் பின்னப்படுவதால் குழாயாகத்தான் வரும். சாயமும் பெரும்பாலும் அப்படியே போகும். அதற்குப் பிறகு இரண்டு வழி. குழாயாகவே வைத்து, உள்ளே ஒரு சட்டத்தைக் கொடுத்து விரித்து, ஆவி காட்டி கம்பாக்டிங் ஓட்டினால் டியூப். நீளவாக்கில் கிழித்து ஒற்றை விரிப்பாக்கி, ஸ்டெண்டர் என்ற உலர்த்தும் மெஷினில் இரண்டு ஓரத்தையும் ஊசியில் மாட்டிக் காயவைத்து, பிறகு கம்பாக்டிங் போட்டால் ஓப்பன். இதில் ‘டியா’ என்ற சொல்தான் புதிதாக வருபவரைக் குழப்பும். மெஷின் டியா என்றால் பின்னும் உருளையின் விட்டம். ஃபினிஷ் டியா என்றால் முடிந்த துணியைத் தட்டையாகப் போட்டால் வரும் அகலம். டியூபில் 34 டியா என்றால் கிழித்து விரித்தால் 68 அங்குலம். இதைத் தெரியாமல் முதல் மாதம் நானே மார்க்கர் (துணி மேல் வெட்டு அளவுகளை அடுக்கும் வரைபடம்) போட்டு ஏமாந்திருக்கிறேன்.

கூலியில் டியூப் மலிவு, ஓப்பன் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல். கலர் இரண்டிலும் ஒன்றுதான். ஓப்பனில் ஊசி ஏறிய ஓரம் இரண்டு பக்கமும் வேஸ்ட். சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா டீ-ஷர்ட் துணி, வேறு ஓரத்தில் சுருண்டுகொள்ளும், வெட்டுவதற்கு அடுக்கடுக்காக விரித்து லே போடுகிற பையன் முனகுவான். டியூபில் வேறு தொல்லை: மடிப்பு விழுந்த இரண்டு கோடும் கரும் நிறங்களில் வெளுத்துத் தெரியும், அயர்ன் போட்டாலும் போகாது. அந்தக் கோட்டை அக்குளுக்குக் கீழே ஒளித்து வைக்க கட்டிங் மாஸ்டர் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, இதை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

முடிவெடுக்க வேண்டியது ஒன்றை வைத்துத்தான்: துவைத்த பிறகு துணி என்ன செய்கிறது.

பின்னல் துணியில் நூல் வளையம் வளையமாக நிற்கிறது. பின்னும்போது இழுப்பு, சாய மெஷினில் கயிறு மாதிரி சுற்றும்போது இழுப்பு, பிழியும்போது இழுப்பு. எல்லாம் சேர்ந்து வளையம் நீண்டு ஒடுங்கிப் போயிருக்கும். வாடிக்கையாளர் வீட்டு வாளியில்தான் அது முதல் தடவையாக நிம்மதியாகத் தண்ணீர் குடித்துப் பழைய உருவத்துக்குத் திரும்பும். அதைத்தான் நாம் ஷ்ரிங்கேஜ் என்கிறோம். கம்பாக்டிங் என்பது அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கொடுத்துவிடும் வேலை. வேகமாகச் சுற்றும் உருளை துணியைத் தள்ள, அடுத்தது மெதுவாகச் சுற்றி வாங்க, நடுவில் வளையங்கள் நெருங்கி உட்காரும். நீளம் குறையும், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) ஏறும்.

அந்த ஏற்றத்தில்தான் சிக்கல். துணியைக் கிலோவில் வாங்குகிறோம், டீ-ஷர்ட்டை பீஸில் விற்கிறோம். 150 ஜிஎஸ்எம்மில் 100 கிலோ என்றால் கிட்டத்தட்ட 667 சதுர மீட்டர். அதே துணியை நன்றாக அமுக்கி 165 ஆக்கினால் 606. வித்தியாசம் 61 சதுர மீட்டர். பீஸுக்கு 1.2 போகிறது என்று வைத்தால் 50 டீ-ஷர்ட். இப்படி மிச்சம் பிடிக்கும் ஆசையில்தான் நான் கபடி லாட்டுக்கு 30-ஆம் நம்பர் கோம்ப்டு நூலில் 150 ஜிஎஸ்எம்மே வேண்டும் என்று அடம்பிடித்தேன். கம்பாக்டிங் போட்டவரிடம் சண்டைக்குப் போனபோது அவர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: “ஏனுங்க, நீங்க 150 கேட்டீங்க, 150 குடுத்தாச்சு. தொவைச்சா என்னாகும்னு கேக்கவே இல்லீங்களே.” பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் மிச்சம் பிடித்த துணியெல்லாம் கபடிப் பையன்களின் வயிற்றிலிருந்து வெட்டி எடுத்தது.

சரி, ஆசையை அடக்கி டியூபிலேயே 165 கேட்டிருந்தால்? நீளச் சுருக்கம் குறைந்திருக்கும், அதை மறுக்கவில்லை. நல்ல டியூப் கம்பாக்டிங்கில் 5 சதவீதத்துக்குள் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குழாயை உள்ளிருந்து விரிக்கும் சட்டம் அகலத்தை வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஸ்டெண்டரில் இரண்டு ஓரமும் பிடியில் இருக்கும்போதே ஓவர்ஃபீட் கொடுக்கலாம், அதாவது சங்கிலி ஓடும் வேகத்தைவிடக் கூடுதலாகத் துணியை உள்ளே ஊட்டலாம், துணி தளர்வாகக் காயும். அகலம் நம் கையில், நீளமும் நம் கையில். ஒரே லாட்டில் முதல் ரோலும் கடைசி ரோலும் ஒரே அளவு வருவது எனக்கு ஓப்பனில்தான் அமைந்தது.

இனி அந்தத் திருகல். இதற்கு இரண்டு காரணம், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வோம். 30 அங்குல மெஷினில் 90 ஃபீடர் (நூல் ஊட்டும் இடம்) இருந்தால், மெஷின் ஒரு சுற்றுச் சுற்றும்போது 90 வரிசை சேர்ந்து ஏறும். அங்குலத்துக்கு 45 வரிசை என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு அங்குலம். திருகாணி மரை மாதிரி வரிசைகள் சாய்ந்துதான் ஏறும். இதை ஓப்பனில் ஊசிக்கோட்டைப் பார்த்துக் கிழித்து, ஸ்டெண்டரில் நேர்படுத்தலாம். டியூபில் கைவைக்க இடமே இல்லை.

இன்னொரு காரணம் நூலின் முறுக்கு. ஒற்றை இழை நூல் நனைந்தால் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும், வளையம் ஒரு பக்கம் சாயும், சைடு தையல் கூடவே நகரும். இதை ஓப்பன் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டெண்டரில் வலுக்கட்டாயமாக நேராக்கினால் கடையில் நேராகத் தெரியும், முதல் துவைப்பில் பழைய இடத்துக்கே போய்விடும். இதற்கு மருந்து நூலில் இருக்கிறது: பனியனுக்கென்று முறுக்கு குறைவாகப் போட்ட ஹோசியரி நூல் எடுக்க வேண்டும், லூப் லென்த்தை, அதாவது ஒரு வளையத்துக்குப் போகும் நூலின் நீளத்தை, ரொம்ப இளக்கமாக விடக்கூடாது. கபடி லாட்டில் எனக்கு இரண்டு காரணமும் சேர்ந்து அடித்தது. ஓப்பனுக்கு மாறியதில் ஒன்று போனது, நூல் மாற்றியதில் இன்னொன்று பெருமளவு குறைந்தது. முழுதாகப் போகவில்லை. இன்றைக்கும் அரை அங்குலம் நகரத்தான் செய்கிறது.

இப்போது எந்த லாட் வந்தாலும் வெட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்கிறேன். முதல் ரோலிலும் கடைசி ரோலிலும் ஒரு துண்டு எடுத்து, அழியாத மார்க்கரில் 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுவேன். வீட்டுத் துணியோடு சேர்ந்து துவைத்து வரும். காய்ந்ததும் அளந்தால் 48 என்றால் 4 சதவீதம், லாட் வெட்டலாம். 47 என்றால் 6, திருப்பி அனுப்பு. சதுரம் சாய்சதுரமாகியிருந்தால் திருகல் இருக்கிறது. ஜிஎஸ்எம் கட்டரில் வட்டமாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடை போட்டு நூறால் பெருக்குவதைத் துவைப்பதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை செய்கிறேன். முன்னால் 1.50 கிராம், பின்னால் 1.65 கிராம் என்று தராசு காட்டினால், யாரோ எனக்கு இழுத்த துணியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அல்லது நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

டியூபை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அப்பா போடுகிற ஆர்.என். பனியனுக்கு சைடு தையலே கிடையாது. 85, 90, 95 என்று ஒவ்வொரு சைஸுக்கும் அதற்கேற்ற டியாவில் பின்னி, குழாயை அப்படியே வெட்டித் தைப்பார்கள். அங்கே தையல் நகர்ந்தது என்ற புகாருக்கே இடமில்லை, துணி வேஸ்ட்டும் குறைவு. அதை ஓப்பனில் போடுவது பைத்தியக்காரத்தனம். கழுத்து ரிப்புக்கும் நான் டியூப்தான். ரிப்பில் முன்னும் பின்னும் வளையம் மாறி மாறி வருவதால் திருகலும் பெரிதாக இருக்காது.

லைக்ரா கலந்த துணிக்கு இந்தக் கேள்வியே எழாது, ஸ்டெண்டர் சூட்டில் ஹீட் செட் செய்தாக வேண்டும், ஆக ஓப்பன்தான். ஃப்ளீஸில் நான் ஓட்டியது ஒரே ஒரு லாட், அதுவும் ஓப்பன். நன்றாகத்தான் வந்தது, ஆனால் ஒரு லாட்டை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். சின்ன லாட் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 50 கிலோ, 60 கிலோவுக்கு ஸ்டெண்டர்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதே கலரில் பெரிய லாட் ஓடும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். எனக்கு ஒரு தடவை ஒன்பது நாள் ஆனது. டெலிவரி தலைக்குமேல் நின்றால் டியூப் போடுங்கள், ஆனால் ஜிஎஸ்எம்மை ஏற்றிக் கேளுங்கள், பீஸ் குறைந்தால் குறையட்டும்.

கபடிக் குழுவுக்கு 120-ஐயும் மாற்றிக் கொடுத்தேன், இந்த முறை ஓப்பனில், 165-க்கு. பழையதைத் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் கிலோ கணக்கில் தள்ளலாம் என்று பார்த்தால் நெஞ்சில் ஊர்ப் பெயர் இருக்கிறதே. இரண்டு மூட்டை இன்னும் பரண் மேல் கிடக்கிறது, மெஷின் துடைக்க ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.