முற்றத்துச் சலதாரையை மூடிவிட்டுப் போன ஒப்பந்தக்காரர்

போன வாரம் அடுத்த தெருவில் ஒரு வீட்டுப் பின்பக்கம் ஜேசிபி நின்றது. ஓட்டுகிற பையனை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தோண்டியவன்தான், அதே ஒப்பந்தக்காரரின் ஆள். வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்து, எங்களுக்கு நடந்ததைச் சொன்னேன். முன்பணம் கொடுத்தாயிற்று, இனி என்ன செய்வது என்றார். இன்னும் கொடுக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. பெயரைவிட அவர் வேலை செய்யும் விதம் தெரிந்தால் போதும்.

எங்களுடையது செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம், ஐயா காலத்து வீடு. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளத்துக்குக் குறைவில்லை, கழிப்பறை மட்டும் தோட்டத்துக் கடைசியில். ஆத்தாவுக்கு 79 வயது. ராத்திரியில் கைத்தடியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. இரண்டாங்கட்டை ஒட்டிப் பின்னால் ஒரு அறையும் கழிப்பறையும் எடுக்க முடிவு செய்தோம். பங்காளிகள் ஆறு பேரிடம் சம்மதம் வாங்க எட்டு மாதம் ஆனது (அதை எழுதினால் தனிப் பதிவு வேண்டும்). அந்தக் களைப்பில், வந்த ஆளை நாலு இடத்தில் விசாரிக்காமல் விட்டது என் தப்பு.

வானம் பறித்து (அஸ்திவாரக் குழி தோண்டி), அஸ்திவாரம் போட்டு, பேஸ்மட்டம் (தரை போடும் உயரம்) வரை கட்டி, கழிவுநீர்க் குழாயும் பதித்துத் தர 2,85,000 ரூபாய். ஒரே தாளில் நாலு வரி. எத்தனை அடி ஆழம், என்ன குழாய், எங்கே சேம்பர் (அடைப்பு எடுக்கத் திறந்து பார்க்கும் தொட்டி) என்று எதுவும் அதில் இல்லை. "எல்லாம் நாம பாத்துக்கலாம்ணே" என்றார். முதலில் 1,50,000 கொடுத்தேன்.

ஆனி மாதம் வேலை தொடங்கியது. வீட்டிலேயே இருந்துகொண்டு வேலை பார்க்க விடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியவில்லை. முதல் நாளே பழைய கழிப்பறைக் குழாயை ஜேசிபி உடைத்துவிட்டது. மூன்று நாளில் சரியாகும் என்றார், பதினொரு நாள் ஆனது. அத்தனை நாளும் ஆத்தாவைப் பெரியப்பச்சி (பெரியப்பா) வீட்டுக்குக் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தோம். அடுப்படி வாசலுக்கு நேரே பள்ளம். அதன்மேல் ஒரு பலகை, அதுவும் ஆடும்.

பள்ளம் தோண்டும்போது கல் சலதாரை ஒன்று தட்டுப்பட்டது. எங்கள் ஊர் வீடுகளில் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில்தான் விழும். அங்கிருந்து தரைக்கு அடியில் கல் சலதாரை வழியாகப் பின்பக்கம் போய், தெருக் கால்வாயில் சேர்ந்து, கடைசியில் ஊருணிக்குப் போகும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. வெளியிலிருந்து வந்து பார்க்கிறவர்களுக்கு இந்தத் தண்ணீர் போக்குதான் அதிசயம். நம் ஆள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது செத்துப்போன சலதாரைண்ணே, பாருங்க, சொட்டுத் தண்ணி இல்ல" என்றார். ஆனி மாதத்தில் எந்தச் சலதாரையில் தண்ணீர் ஓடும்? எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. மறுநாள் நான் காரைக்குடி போய்த் திரும்புவதற்குள் கல்லைப் பெயர்த்து, இடிபாட்டைக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டுவிட்டார்கள்.

அவர் வேலையே இதுதான். எதைத் தோண்டினாலும் அன்று சாயங்காலத்துக்குள் மூடிவிடுவார். வேகமான ஆள் என்று நானே அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் ஆத்தா காப்பாற்றினார்கள். கிணற்றிலிருந்து 25 அடியில், கழிவுநீர் மண்ணில் இறங்குவதற்கான உறைக்குழியை இறக்கப் பார்த்தார் ஒப்பந்தக்காரர், வேறு இடமே இல்லை என்று. ஆத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, "கெணத்துப் பக்கம் எவனும் மண்வெட்டியத் தூக்கக் கூடாது" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. குடிக்கிற கிணற்றிலிருந்து உறைக்குழி குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி தள்ளி இருக்கவேண்டும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

பேஸ்மட்டம் முடிந்தது என்று இன்னும் 80,000 வாங்கிக்கொண்டார். அப்புறம் போனை எடுக்கவில்லை. எடுத்தால் "கல்யாண வீட்ல இருக்கேண்ணே" என்பார். எத்தனை கல்யாணம்! அறையை வேறு ஆளை வைத்துக் கட்டி முடித்தோம்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை. ராத்திரி இரண்டு மணிக்கு ஆத்தா கூப்பிட்டார்கள். முற்றம் தொட்டி போல நிரம்பி நின்றது. தண்ணீர் மேலே ஏறி, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுப் பத்திக்கு வந்து, சாமான் அறைக்குள் புகுந்துவிட்டது. இரண்டு அரிசி மூட்டை போயிற்று. நானும் என் மகனும் விடியும்வரை அண்டாவால் மொண்டு வாசலில் ஊற்றினோம். அதே வாரம் புதுக் கழிப்பறையிலும் தண்ணீர் உள்வாங்காமல் மேலே வந்தது.

மழைக்காலம் முழுக்க ஒரு மோட்டாரை முற்றத்தில் இறக்கிச் சமாளித்தோம். தையில்தான் தோண்ட முடிந்தது. இந்தமுறை கானாடுகாத்தானிலிருந்து ஒரு பெரியவர், பழைய வீடுகளில் வேலை பார்த்த கொத்தனார். மொத்தப் பேச்சுக்கு வரமாட்டேன், வாரக் கூலி கொடுங்கள் என்றார்.

கழிப்பறையிலிருந்து செப்டிக் டேங்க் வரை 42 அடி. நாலு இன்ச் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஒரு அடி வாட்டம் (சரிவு) கொடுப்பது வழக்கம். ட்யூப் மட்டத்தின் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு அவர் நடந்தார். முதல் 18 அடியில் வெறும் ஒன்றரை இன்ச் இறக்கம். அங்கே செம்புராங்கல் பாறை. அதை உடைக்கச் சோம்பல்பட்டு, குழாயைப் பாறைமேல் ஏற்றிவிட்டிருந்தார்கள். இரண்டு இன்ச் மேடு! தண்ணீர் எப்படி ஏறும்? இரண்டு மூட்டில் பசையே இல்லை, சிமென்ட் சாக்கைச் சுற்றி மண்ணை அள்ளிப் போட்டிருந்தார்கள். திருப்பத்தில் சேம்பர் இல்லை, நேர் எல்போ (வளைவுத் துண்டு) ஒன்றைச் செருகியிருந்தது.

பெரியவர் குழாயைத் துடைத்து, அதன்மேல் அச்சடித்திருந்ததைப் படிக்கச் சொன்னார். டைப் ஏ. அது மழைத்தண்ணீருக்கும் காற்றுக்குழாய்க்கும் உள்ளது, 2.2 மில்லி கனம். கழிப்பறைக்குப் போடவேண்டியது 3.2 மில்லி கனமுள்ள டைப் பி. பில்லில் டைப் பி-க்குத்தான் பணம் வாங்கியிருந்தார். கடையிலிருந்து குழாய் இறங்கும்போது நீங்களே ஒருமுறை உருட்டிப் படியுங்கள், ஒரு நிமிஷ வேலை.

அஸ்திவாரத்தில் இன்னும் மோசம். நாலடி என்று வாயால் சொன்னது, தோண்டிப் பார்த்தால் இரண்டரை அடி. பேஸ்மட்டத்துக்குள் கிராவல் கொட்டி, அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திம்சு போடவேண்டும் (இடித்து இறுக்கவேண்டும்). உள்ளே கிடந்தது எங்கள் வீட்டு இடிபாடேதான், எங்கள் சலதாரைக் கல்லும் அதில். நாலு கல்லைக் கழுவி எடுத்துத் திரும்பப் பதித்தோம். மிச்சத்துக்குச் செங்கல் வைத்துக் கட்டினோம்.

பெரியவர் எதையும் மூடுவதற்கு முன் வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். டேப்பை வைத்து என்னைப் படம் எடுக்கச் சொன்னார். நான் ஊரில் இல்லாத நாளில் குழி திறந்தேதான் கிடந்தது. ஆத்தாவுக்கு மட்டும் அந்தப் பலகையைக் கட்டிப் போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் கட்டிக்கொடுத்தார். இதற்கு ஆன செலவு 1,12,000.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும். வக்கீல் முதலில் கேட்டது ஒப்பந்தத்தை. அந்த நாலு வரித் தாளைக் காட்டினேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். போனில் பணம் அனுப்பிய கணக்கும், பில்லும், தோண்டியபோது எடுத்த படங்களும்தான் இப்போதைக்கு எங்கள் பக்கம்.

புது அறை பழைய சுவரோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். தைக்குப் பிறகு அகலவில்லை. அடுத்த ஐப்பசி மழை முடியும்வரை அதைப் பூசவேண்டாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.