ஜாங்கோவில் மொழியைத் தற்காலிகமாக மாற்ற: ஆக்டிவேட்டா, ஓவர்ரைடா?

பைத்தானின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதிய தளம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் மின்னஞ்சல் தமிழில் போக வேண்டும். ஜாங்கோவின் மொழிபெயர்ப்புக் கருவியில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு: ஆக்டிவேட் (activate), ஓவர்ரைடு (override).

ஆக்டிவேட் நடப்பு த்ரெட்டின் (நிரல் ஓடும் இழை) மொழியை மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடும். பழைய மொழிக்குத் திரும்புவது உங்கள் பொறுப்பு. அதற்கு டிஆக்டிவேட் (deactivate) போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது முந்தைய மொழிக்குத் திரும்பாது, செட்டிங்ஸில் உள்ள இயல்புமொழிக்குப் போகும். பயனர் பிரெஞ்சில் இருந்தால் பக்கத்தின் மீதிப் பாதி ஆங்கிலமாகிவிடும். நடுவில் பிழை எழுந்தாலோ டிஆக்டிவேட் வரி ஓடவே ஓடாது. பின்னணி வேலைகளை ஓட்டும் செலரி வொர்க்கரில் இது இன்னும் மோசம்: அடுத்த டாஸ்க்கும் தமிழிலேயே தொடரும். ஆக்டிவேட்டுக்கு உரிய இடம் மிடில்வேர், அதாவது கோரிக்கைகள் கடந்துபோகும் இடை அடுக்கு. அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் மொழி புதிதாக அமைகிறது.

ஓவர்ரைடை பைத்தானின் வித் (with) பிளாக்கில் எழுதுங்கள். நுழையும்போது பழைய மொழியைக் குறித்துக்கொண்டு, பிழை வந்தாலும் வெளியேறும்போது மீட்டுவிடும். டெக்கரேட்டராகவும் (ஃபங்ஷனுக்கு மேலே எழுதும் @ வரி) போடலாம், ஆனால் மொழி எது என்பது ஃபங்ஷனை வரையறுக்கும்போதே நிலைத்துவிடும், ஆளுக்கு ஆள் மாறாது.

ஓவர்ரைடிலும் ஒரு பொறி உண்டு. கெட்டெக்ஸ்ட் லேசி (gettext_lazy, மொழிபெயர்ப்பைத் தள்ளிப்போடுவது) சரத்தை பிளாக்குக்குள் உருவாக்கி வெளியே பயன்படுத்தினால், வெளியே உள்ள மொழியில்தான் வரும். மொழிபெயர்ப்பு நடப்பது சரம் உரையாகும் கணத்தில். டெம்ப்ளேட்டை பிளாக்குக்குள்ளேயே ரெண்டர் செய்யுங்கள். தலைப்பு வரி லேசியாக இருந்தால் அங்கேயே எஸ்டிஆர் (str) கொண்டு உரையாக்கிவிடுங்கள். மின்னஞ்சலின் உடல் தமிழிலும் தலைப்பு ஆங்கிலத்திலும் போவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.